ஆமை போட்ட கோலம்

தைப்பொங்கலுக்கு இன்னும் ஐந்து நாட்களே இருந்தன. சனிக்கிழமை காலையில், யாழ்ப்பாணப் பட்டினத்துப் பஸ் நிலையத்தில் பருத்தித்துறை பஸ்ஸில் ஏறிச் சன்னலோரமாக ஓரிடம் பிடித்து அமர்ந்தேன். மடியிலே ஒரு கட்டுக் காகிதம். கடந்த ஆண்டுகளின் பரீட்சை வினாத்தாள்கள். இன்பச் சுற்றுலாச் செல்பவன் சுமந்து செல்லும் பொருளன்று அது என்பதை நான் அறிவேன். என் பயணமும் இன்பச் சுற்றுலா அன்று. ஒரு வழக்கைத் தீர்த்துவைக்கப் புறப்பட்ட நீதிபதியின் பயணம் அது.

வழக்கு இதுதான். பருத்தித்துறையில் வாழும் என் தங்கையின் மகள் இவ்வாண்டு உயர்தரப் பரீட்சைக்குத் தோற்ற இருக்கிறாள். தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் அவள் எடுத்த பாடங்களுள் ஒன்று. கணினிக்கு ஆணை எழுதும் கலையாகிய செய்நிரலாக்கமும், அதற்குரிய 'பைதன்' என்னும் மொழியும் அப்பாடத்தில் அடங்கும். "அண்ணை, பிள்ளை புத்தகத்தைத் தொடுறாளில்லை. எந்த நேரமும் கொம்பியூட்டரிலை விளையாட்டுத்தான். நீங்கள் படிப்பிக்கிறனீங்கள்தானே, ஒருக்கால் வந்து கண்டிச்சுவிடுங்கோ" என்று தங்கை தொலைபேசியில் முறையிட்டிருந்தாள். கல்லூரியிலே பல ஆண்டுகளாக இப்பாடத்தைக் கற்பித்து வருபவன் நான். கண்டிப்பதற்கு என்னிலும் தகுதியானவர் யார்? வினாத்தாள்களைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

நீர்வேலியில் ஒரு கிணறு

நல்லூரைத் தாண்டி, இருபாலை, கோப்பாய் எனப் பஸ் ஊர்களைக் கடந்து சென்றது. இரு மருங்கும் செம்மண் தோட்டங்கள். மாரி மழை ஓய்ந்த காலமாதலால் மண் குளிர்ந்து கிடந்தது. நீர்வேலி வந்ததும் இறங்கினேன். நீர்வேலி வாழைக்குப் பெயர்போன ஊர். பொங்கல் நாளில் தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு செல்லலாகாது. ஒரு குலை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போகலாம் என்பது என் எண்ணம்.

எனக்குப் பழக்கமான முதியவர் ஒருவரின் தோட்டத்துக்குச் சென்றேன். கிணற்றடியில், தென்னங்குற்றியின்மீது ஒரு பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு, ஒன்பதாம் தரத்தில் படிக்கும் அவருடைய பேரன் உட்கார்ந்திருந்தான். "வாங்கோ மாஸ்டர், வாங்கோ! நல்ல நேரத்திலை வந்தியள். இவன் எங்கடை கிணத்துக்குக் கணக்குப்பிள்ளையாகிவிட்டான்" என்று முதியவர் சிரித்தார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை என்பது யாவரும் அறிந்ததே. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கற்பாறையின் வழியே நிலத்துள் இறங்கித் தங்குகிறது. அந்நீரைக் கிணறு வெட்டி எடுத்தே நம் முன்னோர் பயிர் செய்தனர். ஒரு கிணற்றுக்குப் பலர் பங்காளிகளாக இருப்பதும், அவர்கள் முறைவைத்து இறைப்பதும் இங்கே நெடுநாளைய வழக்கம். துலா மிதித்த காலம் போய் இயந்திரம் வந்துவிட்டது; ஆனால் முறை போகவில்லை. இந்தக் கிணற்றுக்கு ஐந்து பங்காளிகள். இன்று யாருடைய முறை என்பதில் சில வேளைகளில் சச்சரவு எழும். சிறுவன் அதற்கு ஒரு செய்நிரல் எழுதியிருந்தான்.

அவன் பயன்படுத்தியது 'ஸ்கிராட்ச்' என்னும் மொழி. அமெரிக்காவிலுள்ள மாசசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வுகூடம் 2007ஆம் ஆண்டில் சிறுவர்க்கென வெளியிட்டது அது. ஆணைகளைத் தட்டெழுத வேண்டுவதில்லை. வண்ணக் கட்டைகளைப் பொருத்தி வீடு கட்டுவதுபோல ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் போதும்.

சிறுவனின் வழி எளியது. இன்று எத்தனையாம் நாள் என்பதை ஐந்தால் வகுக்க வேண்டும். மீதி எத்தனையோ அத்தனையாம் பங்காளியின் முறை. பதினேழாம் நாளென்றால் மீதி இரண்டு. ஆகவே இரண்டாம் பங்காளி இறைக்கலாம். "முதலிலை எழுதினபோது ஒரு பிழை வந்தது சேர். பத்தாம் நாள் ஆருடைய முறை எண்டு கேட்டால், பூச்சியமாம் பங்காளி எண்டு சொல்லிச்சுது" என்றான் அவன். பத்தை ஐந்தால் வகுத்தால் மீதி பூச்சியமன்றோ? பூச்சியமாம் பங்காளி என்று ஊரில் ஒருவரும் இல்லை. மீதி பூச்சியமானால் அது ஐந்தாம் பங்காளி என்று இன்னுமொரு கட்டையைச் சேர்த்து அதைத் திருத்தியிருந்தான். மீதி காணும் கணக்கை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வருகிறேன். பூச்சியத்திடம் அகப்பட்டுக்கொண்ட மாணவர் பலரைக் கண்டிருக்கிறேன். அவர்களுள் எவரும் இத்தனை மகிழ்ச்சியோடு அதைச் சொன்னதில்லை.

அப்போது முதியவர் ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் சரி தம்பி. மழை பெய்தால் என்ன செய்வாய்? அண்டைக்கு ஒருத்தரும் இறைக்கிறதில்லை. அண்டைக்கு முறை இருந்தவனுக்கு அடுத்த நாள் குடுக்கவேணும். உன்ரை மெசின் அவனைத் தாண்டிப் போய்விடுமே!"

சிறுவன் திகைத்துப் போனான். நானும் சற்றே திகைத்தேன் என்பதை ஒளிப்பானேன்? கணக்கு பிழையன்று, ஆனால் கணக்கு உலகத்தோடு பொருந்தவில்லை. கணினியை ஒருநாளும் தொட்டறியாத ஒரு விவசாயி அதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார். சிறுவன் தலையைச் சொறிந்தபடி இருந்தான், பின்பு, "அப்பப்பா, அப்ப நாளை எண்ணக்கூடாது, இறைப்பைத்தான் எண்ணவேணும்!" என்று கூவினான். எத்தனையாம் நாள் என்பதற்குப் பதிலாக, இது எத்தனையாம் இறைப்பு என்று எண்ணினால் மழை நாள் தானே விலகிவிடும். வாழைக்குலையைத் தோளில் வைத்துக்கொண்டு நான் புறப்பட்டபோது, பேரன் கட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். பாட்டனார் அருகே குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வல்லைவெளியின் காற்று

அடுத்த பஸ் புத்தூர், ஆவரங்கால் வழியாகச் சென்று வல்லைவெளியை அடைந்தது. அங்கே ஊரும் தோப்பும் திடீரென மறைந்துவிடும். இரு புறமும் வெறும் வெளியும் உப்பு நீரும். வலிகாமத்தையும் வடமராட்சியையும் பிரிக்கும் தொண்டைமானாற்றுக் கடனீரேரியின் மேலே பாலம் செல்கிறது. தடையின்றி வீசும் காற்று முகத்தில் அறைந்தது. அக்காற்றோடு என் இளமைக்காலமும் நினைவில் வந்தது.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பல ஆண்டுகள் வீடுகள் இருளில் கிடந்தன. மண்ணெண்ணெய் அருமையாயிற்று, வானொலிக்கு வேண்டிய பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தலின் அடியிலே சிறிது பஞ்சை இட்டு, சில துளி மண்ணெண்ணெய் விட்டு, ஒரு சிறு திரியை நிறுத்திப் படித்த தலைமுறை எங்களது. சைக்கிளை நிறுத்தி வைத்து மிதிப்போம். அதன் தைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் வரும். ஒருவன் மிதிக்க வீடு முழுதும் செய்தி கேட்கும். மிதிப்பவன் களைத்தால் செய்தியாளரின் குரலும் களைக்கும்! எந்தக் கம்பியை எதனோடு இணைப்பது என்று எங்களுக்கு யாரும் குறிப்பெழுதித் தரவில்லை. இணைத்துப் பார்த்தோம், பிழைத்தது, மாற்றி இணைத்தோம். மின்னியலில் நான் மறவாதவை அந்நாளில் கற்றவையே.

அப்படிக் கற்ற நான் ஆசிரியனான பிறகு செய்தது என்ன? அதை எண்ணும்போது வல்லைக் காற்றிலும் எனக்கு வியர்த்தது.

சில ஆண்டுகளுக்கு முன், கல்லூரிக் கணினிக்கூடத்தில் செய்முறைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு மாணவன் நான் கொடுத்த பயிற்சியை விட்டுவிட்டு, கிளித்தட்டு விளையாட்டைத் திரையில் அமைத்துக்கொண்டிருந்தான். கோடுகளும், மறிப்பவர்களும், ஓடிக் கடக்க முயலும் ஒரு சிறு புள்ளியும் இருந்தன. பாதி வேலை முடிந்திருந்தது. "பரீட்சையில் கிளித்தட்டு வருமா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. "அதை அழி" என்றேன். அழித்துவிட்டான். பிறகு பரீட்சையில் நல்ல பெறுபேறும் பெற்றான். ஆயினும் அன்றைக்குப் பின் அவன் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வராத ஆமை

நெல்லியடியைக் கடந்து பஸ் பருத்தித்துறையை அடைந்தது. தெருவின் மேலேயே கூரை கவிந்து நிற்கும் பழைய தெருமூடி மடத்தையும், 1916இல் எழுந்த வெளிச்சவீட்டையும் பார்க்க வருவோர் உண்டு. பருத்தித்துறை வடைக்காகவே வருவோரும் உண்டு. நானோ வழக்கு விசாரிக்க வந்தவன். நேரே தங்கை வீட்டுக்குப் போனேன்.

குற்றவாளி முன்விறாந்தையிலே இருந்தாள். "என்ன பிள்ளை செய்கிறாய்?" என்று கடுமையை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"இருங்கோ மாமா, ஆமை இன்னும் வீட்டுக்கு வரேல்லை" என்றாள் அவள், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

பைதன் மொழியோடு ஓர் ஆமை இலவசமாகக் கிடைக்கிறது. 'நூறு அடி முன்னே போ', 'தொண்ணூறு பாகை திரும்பு' என்று ஆணையிட்டால், திரையிலே கோடு கீறியபடி ஊர்ந்து செல்லும். இந்த ஆமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1967ஆம் ஆண்டில் சீமோர் பாப்பேர்ட் என்னும் கணித அறிஞரும் அவர் நண்பர்களும் அமெரிக்காவில் 'லோகோ' என்னும் மொழியைச் சிறுவர்க்காக அமைத்தனர். அதனோடு பின்னர் ஆமை சேர்ந்தது. முதலில் தரையில் ஊர்ந்து கோடு கீறும் பொறியாகவும், பிறகு திரையிலே உலவும் ஒரு சிறு குறியாகவும் அது விளங்கிற்று. கணினி பிள்ளைக்குப் பாடம் புகட்டுவதைவிட, பிள்ளை கணினிக்குக் கற்பிப்பதே மேல் என்பது பாப்பேர்ட்டின் கொள்கை.

என் மருமகள் பொங்கல் கோலத்துக்கு ஐந்து முனை நட்சத்திரம் ஒன்றை ஆமையைக்கொண்டு வரைய முனைந்திருந்தாள். முதலில் 72 பாகை திரும்பச் சொல்லியிருக்கிறாள். "நட்சத்திரம் கேட்டேன் மாமா, அது ஐந்து பக்கத்துக்கும் மதில் கட்டித் தந்திட்டுது" என்றாள். ஆம், 72ஐ ஐந்தால் பெருக்கினால் 360. ஆமை ஒரே சுற்றுச் சுற்றி ஐங்கோணம் ஒன்றை வரைந்துவிட்டது. நட்சத்திரத்துக்கு இன்னும் கூர்மையாகத் திரும்ப வேண்டும் என்று ஊகித்து, கண்ணளவாக 140 கொடுத்திருந்தாள். ஐந்து முறை திரும்பியும் ஆமை புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரவில்லை. அதுதான் வீட்டுக்கு வராத ஆமை.

"144 என்று கொடு" என்று சொல்ல வாயெடுத்தேன். வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நீர்வேலிக் கிணற்றடியும் வல்லைவெளியும் என் வாயை அடைத்தன. "இனி என்ன செய்யப் போகிறாய்?" என்று மட்டும் கேட்டேன்.

"வீட்டுக்கு வருமட்டும் நடக்க விடப்போறன்" என்றாள். ஐந்து என்றிருந்ததை முப்பது என மாற்றினாள். ஆமை ஊரத் தொடங்கியது. கோட்டின்மேல் கோடாக, முனைக்கு அருகே முனையாக விரிந்து, சக்கரம் போன்ற ஓர் உருவம் எழுந்தது. குறித்ததோர் இடத்தில் ஆமை புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வந்து, பழைய கோட்டின்மீதே நடக்கலாயிற்று. எண்ணிப் பார்த்தோம். பதினெட்டு முனைகள்! நடுவிலே வட்டமான வெளி, சுற்றிலும் பின்னல். நான் வரையச் சொல்லியிருக்கக்கூடிய நட்சத்திரத்தைவிட அழகான கோலம், பிழையிலிருந்து பிறந்திருந்தது.

"ஏன் மாமா பதினெட்டு?" என்றாள். அந்தக் கேள்விக்காக எத்தனை ஆண்டுகள் வகுப்பறையில் காத்திருந்தேன்! வினாத்தாள் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி அதன் பின்புறத்திலே இருவரும் கணக்குப் போட்டோம். ஆமை முன்பு நின்ற திசையையே மீண்டும் பார்க்க வேண்டுமானால், அது திரும்பிய மொத்தப் பாகைகள் 360இன் மடங்காக வேண்டும். 140க்கும் 360க்கும் பொதுமடங்குகளுட் சிறியது 2520. அது பதினெட்டு 140, ஏழு 360. ஆகவே பதினெட்டுத் திருப்பங்களில் ஏழு முழுச் சுற்றுகள். ஆறாம் ஏழாம் வகுப்பில் மனனம் செய்த பொ.ம.சி. எதற்கு உதவும் என்பதை அவள் அன்றுதான் கண்டாள். 144 கொடுத்தால் இரண்டே சுற்றில் ஐந்து முனை கிடைக்கும் என்பதையும் அவளே சொன்னாள். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கோலத்துக்கும் கணினிக்கும் உள்ள உறவு புதியதன்று என்று அவளுக்குச் சொன்னேன். சென்னைத் தாம்பரத்திலுள்ள கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியர் கிப்ட் சிரோமணியும் ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோரும், கோலங்களை விதிகளால் விளக்கலாம் எனக் காட்டி 1974ஆம் ஆண்டிலேயே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். நம் வீட்டுப் பெண்கள் அரிசிமாவினால் முற்றத்தில் எழுதியது, கணினி அறிவியலின் பாடமாயிற்று.

தீர்ப்பு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் விசாரணை முறையாக நடந்தது. வினாத்தாள்களிலிருந்து கேள்விகள் கேட்டேன். ஒரு செய்நிரலைத் தந்து, அது என்ன விடை தரும் என்று கேட்ட வினாக்களை அவள் மனத்திலேயே ஓட்டிப் பார்த்து உடனுக்குடன் சொன்னாள். வரைவிலக்கணம் கேட்ட வினாக்களில் தடுமாறினாள். இரண்டுக்கு விடையே இல்லை. அதையும் நான் தங்கையிடம் மறைக்கவில்லை. இங்கே பல்கலைக்கழகத்தின் கதவு பரீட்சையினாலேயே திறக்கிறது. விளையாட்டு மட்டும் போதும் என்று எவ்வாறு சொல்வேன்?

தீர்ப்பு இவ்வாறு அமைந்தது: நாள்தோறும் இரண்டு மணி நேரம் வினாத்தாள், அதன் பின் ஒரு மணி நேரம் ஆமை. தங்கை முகம் சுளித்தாள். "விளையாடினால் வேலை கிடைக்குமோ அண்ணை?" என்றாள்.

அவளுக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்கிறேன். பைதன் மொழியே, கைடோ வான் ரொசம் என்னும் ஒல்லாந்தர் 1989ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையில் பொழுதுபோக்காகத் தொடங்கியது. அதன் பெயரும் பாம்பினால் வந்ததன்று, அவர் விரும்பிய ஒரு நகைச்சுவைக் குழுவின் பெயரால் வந்தது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்குத்தான் என்று சொல்லியே 'லினக்ஸ்' முறைமையை வெளியிட்டார். இன்று உலகின் கணினிகளுள் எத்தனையோ அதிலேதான் இயங்குகின்றன. தமிழ்ச் சொற்களாலேயே ஆணையிடுவதற்கு முத்து அண்ணாமலை என்னும் அன்பர் 'எழில்' என்ற மொழியை ஆக்கினார். 'பதிப்பி' என்றால் அது திரையில் பதிப்பிக்கும். நம் ஊரிலும் முயற்சிகள் இல்லாமலில்லை. 'யாழ் ஐ.டி. ஹப்' என்னும் தன்னார்வ அமைப்பு 2012இல் 'யாழ் கீக் சலஞ்ச்' என்னும் போட்டியைத் தொடங்கியது. இளைஞர் தாமே ஒன்றை ஆக்கிக் காட்ட வேண்டும் என்பதே அதன் நோக்கம். பின்னர் 'ஊக்கி' என்னும் பயிற்சிப் பள்ளியும் அவர்களால் எழுந்தது.

இவை பெரியோர் செய்தவை. நம் பிள்ளைகள் இவற்றையே செய்ய வேண்டும் என்பதில்லை. மாணவ நண்பர்களே, ஒரு மாலைப்பொழுதில் முடியக்கூடிய சிறிய வேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் வீட்டில் யாரேனும் ஒருவருக்கு வேண்டியதாக இருக்கட்டும். பாட்டியின் சீட்டுக்காசுக் கணக்காகலாம், தம்பிக்கு வாய்பாடு கேட்கும் விளையாட்டாகலாம். முடித்ததும் அவரிடமே கொடுத்துப் பாருங்கள். மழை பெய்தால் என்னாகும் என்று அவர் கேட்பார். பாடம் அங்கேதான் தொடங்குகிறது. ஸ்கிராட்சும் பைதனும் விலையின்றிக் கிடைக்கின்றன. வீட்டில் கணினி இல்லாதவர்க்குப் பாடசாலைக் கணினிக்கூடம் இருக்கிறது. பெற்றோரிடமும் என் போன்ற ஆசிரியரிடமும் வேண்டுவது ஒன்றே: பிள்ளை பிழைவிடும்போது விடையைச் சொல்ல அவசரப்படாதிருப்போம்.

மாலைப் பஸ்ஸில் திரும்பினேன். வினாத்தாள்களைத் தங்கை வீட்டில் விட்டு வந்ததால் மடி வெறுமையாக இருந்தது. வல்லைவெளியில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கிளித்தட்டுப் புள்ளி, மறிப்பவனைத் தாண்டிப் போயிருக்குமா என்று எண்ணியபடி வந்தேன்.

பொங்கலன்று காலை தொலைபேசி ஒலித்தது. தங்கை பேசினாள்.

"அண்ணை, அந்தப் பதினெட்டு முனைக் கோலத்தை முத்தத்திலை போட்டனாங்கள். நான்தான் மாவாலை கீறினான். எண்ணிப் பாத்தால் பதினேழுதான் இருக்கு! அழிச்சுப்போட்டுத் திரும்பப் போடட்டோ?"

நான் வாய் திறக்குமுன், முற்றத்திலிருந்து மருமகளின் குரல் கேட்டது: "அழியாதேங்கோ அம்மா! எங்கை பிழைச்சதெண்டு பாப்பம்!"